நான் திருத்திய முடிச்சு

ஐம்பத்தெட்டாம் வருஷம் திண்டுக்கல் பழனி ரோட்டில் மாதர் காப்பகம் என்று ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. புருஷன் அடித்துத் துரத்தியவள், மாமியார் சூடு போட்டவள், இனி அந்த வீட்டில் இருந்தால் உயிர் தங்காது என்று ஓடி வந்தவள், எல்லாருக்கும் அங்கே ஒரு பாயும் இரண்டு வேளைச் சோறும் உண்டு. ஊரின் பெரிய வீட்டம்மாக்கள் ஏழு பேர் சேர்ந்த கமிட்டி அதை நடத்தியது. கமிட்டி மாதம் ஒரு முறை வந்து காப்பி குடித்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் சாவி என் இடுப்பில்.

என் பெயர் செபஸ்தியம்மாள். உத்தியோகப் பெயர் மேட்ரன். உள்ளே இருந்த பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயர் வேறு, அதை எழுத்தில் எழுத முடியாது. என் வாய் அப்படி. பாயைச் சுருட்டாமல் எழுந்தால் திட்டுவேன், சோற்றைச் சிந்தினால் திட்டுவேன். ஆனால் வாசலில் எவன் வந்து நின்று கத்தினாலும் அதே வாயால்தான் அவனையும் விரட்டினேன். ஒன்பது வருஷத்தில் ஒருத்தியைக்கூட எவனும் இழுத்துக்கொண்டு போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு மண்டைக்கு மேல் இருந்தது.

சித்திரையில் பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சண்முகவள்ளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வயது இருபத்திரண்டு. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து, தோல் உரிந்து, அரக்குச் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று நினைத்தேன். ரத்தம் இல்லை, சாயம்.

"கொதிக்கிற தொட்டியில கைய முக்கிப் பிடிச்சுக்கிட்டாக" என்றாள் சண்முகவள்ளி. விரல்களைச் சாயத்துக்குமேல் தூக்கிப் பிடித்திருந்ததால் அவை மட்டும் தப்பித்திருந்தன. முடிச்சுக் கட்டுகிறவள் கை வெந்தாலும் விரலைக் காப்பாற்றிக்கொள்வாள் போலிருக்கிறது.

அவள் சின்னாளபட்டிக்காரி. புருஷன் உடையப்பன் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவன். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் இரண்டு முறை வயிற்றில் உதைபட்டுப் பிள்ளை கலைந்திருந்தது. இந்த முறை தப்பி ஓடும்போது, கண்டுபிடித்தால் தொட்டியில் தலையை முக்குவேன் என்று பின்னாலிருந்து சொல்லியிருக்கிறான். சொன்னால் செய்கிறவன் என்பதற்கு அவள் கையே சாட்சி.

மெட்ராஸில் அரசாங்கம் நடத்தும் சேவை இல்லத்தில் அவளைச் சேர்க்க மனுப் போட்டேன். சேர்ந்துவிட்டால் படிப்பு உண்டு, தொழில் உண்டு, அவ்வளவு தூரம் எவனும் தேடி வரமாட்டான். அங்கிருந்து பதில் வரும் வரைக்கும் அவள் இருக்குமிடம் உடையப்பனுக்குத் தெரியக் கூடாது. செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காப்பகத்துப் பெண்கள் சும்மா இருக்கக் கூடாது என்பது கமிட்டியின் சட்டம். பேகம்பூர் ஜவுளிக்காரர் முகமது பாரூக் நல்ல மனுஷர். வீடு வீடாகக் கொடுக்கும் முடிச்சு வேலையில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்திருந்தார். புள்ளி அச்சு வைத்த துணி வரும். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் இறுகச் சுற்ற வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். சுற்றின இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் துணியை இழுத்தால் முடிச்சுகள் தெறித்து வெள்ளைப் புள்ளி விழும். அதுதான் சுங்குடி.

கை ஆறியதும் சண்முகவள்ளியிடம் ஒரு துணியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அந்த வேல மட்டும் வேணாம்க்கா. ஒரல்ல இடிக்கச் சொல்லுங்க, கக்கூசு கழுவச் சொல்லுங்க, செய்றேன்."

"ஏன், இதுக்கு என்ன கொறச்சல்?"

"என் கை அவுகளுக்குத் தெரியும்க்கா. நாலு வருசமா நான் கட்டுனத அவுகதான முக்குனாக. ஆயிரம் துணிக்கு நடுவுல கெடந்தாலும் நான் கட்டுனதுன்னு சொல்லிருவாக."

நான் சிரித்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும், வாய்விட்டுச் சிரித்தேன். "முடிச்சுல என்ன, பேரா எழுதி ஒட்டியிருக்கு? முடிச்சுன்னா முடிச்சு. ஒக்காரு."

நான் மேட்டுப்பட்டியில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சேலை கட்டத் தெரியும், சேலையைப் பிறப்பிக்கத் தெரியாது. எனக்கு எல்லா முடிச்சும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். துணி முழுக்கத் தொளதொளவென்று, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக முடிச்சுகள். பக்கத்தில் கருப்பாயி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். களை பிடுங்கிப் பழகின கை, முடிச்சுப் பழகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் துணி எவ்வளவோ தேவலை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"சின்னாளபட்டிப் பொண்ணு கட்டுற லச்சணமாடி இது? பாரூக் பாய் இதப் பாத்தா நாளைக்கு ஒருத்திக்கும் வேல குடுக்கமாட்டாரு. ஒன் சோம்பேறித்தனத்துக்குப் பதினோரு பேரு பழி சொமக்கணுமா? அம்புட்டையும் அவுத்துட்டு ஒழுங்காக் கட்டு. முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன முழிக்கிற? அவுருடி."

அவிழ்த்தாள். மறுநாள் மத்தியானம் துணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கடுகைக் கோத்து அடுக்கினதுபோல் இருந்தது. ஓர் இம்மி பிசகவில்லை. "இப்பத்தான் மனுசி கட்டுன மாதிரி இருக்கு" என்று அவள் முதுகில் தட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் கட்டினதெல்லாம் அந்த நேர்த்திதான். பாரூக் பாய் ஆளனுப்பிப் பாராட்டினார், நானும் பூரித்துப்போனேன்.

அவள் கோணலாகக் கட்டியது சோம்பலால் இல்லை, உயிர்ப்பயத்தால். தன்னை மறைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. காரணத்தை முதலிலேயே என்னிடம் சொல்லியும் இருந்தாள். அதைத்தான் நான் சோம்பேறித்தனம் என்று சொல்லி அவிழ்க்க வைத்தேன். எத்தனை பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டாலும் இது என் நெஞ்சை விட்டுப் போகாது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்த நேரம். வாசலில் ஓர் ஆள் நின்றான். ஒல்லி, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. முழங்கை வரைக்கும் கையில் நீலமும் சிவப்பும் ஊறியிருந்தன. பார்த்ததும் வாசலை மறித்து நின்றேன்.

"கும்புடுறேன் தாயி. சின்னாளபட்டியில இருந்து வாரேன். உடையப்பன். எம் பொண்டாட்டி சண்முகவள்ளியக் கூட்டிப் போகணும்."

"அப்படிப் பேருல இங்க யாரும் இல்ல."

அவன் கோபப்படவில்லை. கக்கத்திலிருந்த அரக்குச் சேலையை எடுத்து விரித்தான். முடிச்சு அவிழ்க்காத சேலை.

"பாரூக் பாய் சாயத்துக்குக் குடுத்தது தாயி. எங்க கட்டுனதுன்னு கேட்டேன். காப்பகத்துப் பொம்பளைக கட்டுனது, என்னா நேர்த்தி பாருன்னு பெருமையாச் சொன்னாரு." ஒரு முடிச்சைத் துணியோடு சேர்த்துக் கிள்ளிக் காட்டினான். "மூணு சுத்து ஒரு பக்கம், நாலாவது சுத்து எதிர்ப்பக்கம். அவ ஆத்தா பழக்கிவிட்டது. இந்தச் சில்லாவுலயே ரெண்டு பேருதான் இப்படிக் கட்டுவாக. ஆத்தா செத்துப்போச்சு."

யாருடைய வாய்க்கு ஊரே பயந்ததோ, அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"முறைப்படியே வாரேன் தாயி. நாளைக்குக் கமிட்டியப் பாத்துப் பேசுறேன்" என்று சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனான். அவன் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிறவனை விரட்டித்தான் எனக்குப் பழக்கம்.

உள்ளே வந்தேன். சண்முகவள்ளி ஆட்டுரல் அறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. 'நான் அப்பவே சொன்னேனே' என்று என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"மெட்ராசுல இருந்து காயிதம் வந்துருச்சாக்கா?"

"இல்லடி."

"அவுகளோட அனுப்பிருவாகளா?"

"நான் இருக்கேன்ல" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

"இன்னொரு தடவ போனா கை முங்காதுக்கா. தலதான் முங்கும்" என்றாள். பிறகு எழுந்து, அரைத்து வைத்திருந்த மாவை வழித்துச் சட்டியில் போட்டாள்.

மறுநாள் காலையில் கமிட்டி கூடியது. ஏழு பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். உடையப்பன் ஊர்ப் பெரிய மனிதர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். புருஷன் பொறுப்பான ஆட்களோடு வந்து உறுதி கொடுத்தால் சமரசம் செய்து அனுப்பலாம் என்பது காப்பகத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதை எழுதினவர்கள் யாரும் சாயத் தொட்டியைப் பார்த்ததில்லை.

செக்ரட்டரி அம்மா வக்கீல் வீட்டுக்காரி. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். காப்பகத்துக்கு அரிசி வாங்க ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினவள். உறுதி என்றதும் காகிதத்தை எடுத்தாள். உடையப்பன், "காயிதத்த எலி திங்கும் தாயி. நான் சாமி மேல சத்தியம் பண்றேன்" என்றான். மடியிலிருந்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினான். "பழனியாண்டவன் சாட்சியா இனி இவ மேல என் கை படாது." எரிகிற சூடத்தை அப்படியே மூடி, கையாலேயே நசுக்கி அணைத்தான். முகம் சுளிக்கவில்லை.

அம்மாமார் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என் பின்னால் நின்ற சண்முகவள்ளி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். "நாலு வருசத்துல ஆறு தடவ சூடம் அணைச்சாச்சுக்கா. கொதிக்கிற சாயத்துல முங்கி முங்கி மரத்துப்போன கை. அதுக்குச் சூடு தெரியாது."

நான் அதை அப்படியே உரக்கச் சொன்னேன். செக்ரட்டரி அம்மாவின் முகம் மாறிவிட்டது. "சத்தியத்தை இப்படிக் கேவலமாப் பேசக் கூடாது மேட்ரன். நீங்க வேதக்காரங்க, இது உங்களுக்குப் புரியாது."

"இவ கை எனக்குப் புரியுதும்மா. வந்து பாருங்க, சாயம் இன்னும் போகல."

"அடிக்கிற கைதான் அணைக்கும். மெட்ராஸ்ல இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடும்." பிறகு அவள் பக்கம் திரும்பி, நயமாகத்தான் கேட்டாள், "நீயே சொல்லும்மா. போறியா, மாட்டியா?"

எல்லாரும் சண்முகவள்ளியைப் பார்த்தார்கள். உடையப்பனும் பார்த்தான். அவள் தலை குனிந்துவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை. நான் மனதுக்குள் கெஞ்சினேன், சொல்லுடி, சொல்லித் தொலையேன் என்று. நாலு வருஷமாக அந்த ஆள் எதிரில் வாயைத் திறந்த போதெல்லாம் என்ன நடந்ததோ, அது அவள் தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றது.

"மௌனம் சம்மதம்" என்றார் கூட வந்த பெரிய மனிதரில் ஒருவர்.

துணிமணியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். உடையப்பன் வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றான். நான் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை உருவி, செக்ரட்டரி அம்மாவின் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுக்கு வேற இடுப்பு பாத்துக்குங்க" என்றேன். ஏதோ கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் உள்ளே போய், சண்முகவள்ளியின் கையைப் பிடித்து, சமையற்கட்டுக் கதவு வழியாகச் சந்தில் இறங்கினேன்.

"எங்கக்கா?"

"மெட்ராசுக்கு. மனுதான் போயிருக்கு, அதுக்குப் பின்னாலேயே ஆளும் போவோம். அவுக வாசல்ல போயி ஒக்காருவோம். எம்புட்டு நாளைக்கு ஒக்கார விடுறாகன்னு பாப்போம்."

குதிரைவண்டி பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். திருச்சி பாசஞ்சர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தது. திருச்சியில் இறங்கி மெட்ராஸ் வண்டிக்கு மாற வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் நாலாவது ஆளாக வரிசையில் உடையப்பன் நின்றிருந்தான். நாங்கள் சந்தில் இறங்கியதைப் பார்த்திருக்க வேண்டும், ஓடி வந்த மூச்சிரைப்புகூட இல்லை. "எனக்கும் திருச்சி ஒண்ணு" என்று அவன் குரல் கேட்டது.

பெண்கள் பெட்டிக்குள் அவளைத் தள்ளி நானும் ஏறினேன். அவன் வந்து படியில் கால் வைத்தான். வாசலை அடைத்துக் கொய்யாக் கூடைகள். ஆயக்குடியிலிருந்து பழம் கொண்டுபோகிற பேச்சாயி என்ற பெண்பிள்ளை அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, போர்டு கண்ணுக்குத் தெரியலீங்களா? பொம்பளைக ஏறுற பெட்டியில காலத் தூக்கி வைக்கறீங்க?"

அவன் சிரித்துக் காலை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனான். அந்தப் பெட்டியிலிருந்து இதற்கு உள்வழி கிடையாது. எங்களுக்கு மிஞ்சியிருந்த காப்பகம் அந்த ஒரு பெட்டிதான், அதுவும் திருச்சி வரைக்கும்.

வடமதுரையில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். என்னைப் பார்க்கவே இல்லை.

"வள்ளி, எறங்கு. பெட்டிய விட்டு எப்படியும் எறங்கித்தான ஆகணும்?" அதட்டவில்லை. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

வண்டி நகர்ந்ததும் சண்முகவள்ளி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டியை, முடிச்சை, நான் அவிழ்த்துக் கட்டச் சொன்னதை, சூடத்தை. அவள் கையைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தி பார்த்துவிட்டுத் தன் குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"மெட்ராசுல எடம் சொல்லி வச்சிருக்கா?" என்றாள் பேச்சாயி.

"இல்ல."

"அங்க யாராச்சும் தெரிஞ்சவங்க?"

"இல்ல."

"அக்கா, நீங்க எறங்கிருங்க" என்றாள் சண்முகவள்ளி. "போயி மன்னிப்புக் கேட்டா ஒங்களுக்கு வேலையாச்சும் மிஞ்சும். நான் அவுகளோட போறேன். என்னால ஒங்களுக்கும் சோறு இல்லாமப் போகுது."

"வாய மூடுடி. ஒரு தடவ நான் சொன்னதக் கேட்டு நீ கெட்டது போதும். இப்ப நீ சொல்றதக் கேட்டு நான் வேற கெடணுமா?"

அய்யலூரில் மறுபடியும் வந்தான். இந்த முறை ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தான். அவள் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நான் அவன் விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பல்லால் கடித்தேன். சாய நாற்றமடித்த அந்தத் தோலில் என் பல் பதிந்தது, அவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டான். தலைப்பு கிழிந்திருந்தது.

வையம்பட்டி நெருங்கி வண்டி வேகம் குறைந்தபோது பேச்சாயி எழுந்தாள். எங்கள் ஜன்னல் பலகையை இழுத்து இறக்கினாள். எதிர்ப்பக்கத்துக்காரி அவள் பலகையை இறக்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும் இறக்கினார்கள். குழந்தைக்காரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பட்டப்பகலில் பெட்டி இருட்டாகிவிட்டது. புழுக்கமும் கொய்யா வாசனையும் மூச்சை அடைத்தன.

வண்டி நின்றது. பலகையில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வள்ளி. இன்னும் எம்புட்டு ஸ்டேசனுக்கு இப்படி?"

சண்முகவள்ளியின் கை என் கைக்குள் இருந்தது. அதை உருவிக்கொண்டாள். அவள் பலகைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன்."

குரல் உடைந்திருந்தது. ஆனால் பெட்டியில் எல்லாருக்கும் கேட்டது, வெளியிலும் கேட்டிருக்கும். "வரமாட்டேன். கொன்னாலும் வரமாட்டேன்."

தட்டுவது நின்றது. பிறகு அடுத்த ஜன்னலில் தட்டினான். அடுத்து அதற்கடுத்த ஜன்னலில். எந்தப் பலகை தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தான். நாங்கள் எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். கார்டு இன்னும் விசில் ஊதவில்லை.